நடக்கும்போது பார்க்காத எண்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஓர் இரவு, இரண்டரை மணி அளவில் எனக்கு விழிப்பு வந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும் ஆக்சிமீட்டரை எப்போதும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்; அதை எடுத்து, விளக்கைக்கூடப் போடாமல், ஆள்காட்டி விரலில் மாட்டினேன். இருட்டில் சிவப்பாக 86 என்று ஒளிர்ந்தது. அதற்குக் கீழே நாடித்துடிப்பு 112 என்று இருந்தது. உறங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பினேன். அவர் விளக்கைப் போட்டுவிட்டு முதலில் என் கையைத் தொட்டுப் பார்த்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றில் என் விரல்கள் சில்லென்று இருந்தன. தன் இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அவற்றைத் தேய்த்துச் சூடாக்கினார். ஐந்து நிமிடம் கழித்து அதே விரலில் அதே கருவி 93 என்று காட்டியது. அவர் நிம்மதியாகத் திரும்பிப் படுத்தார். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. அந்த 93ஐ நான் நம்பவில்லை. 86ஐ மட்டும் நம்பினேன். விடியும் வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலை மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு வயது 64. கோவையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து 2019இல் ஓய்வு பெற்றேன். 2022இன் தொடக்கத்தில் வறட்டு இருமல் தொடங்கியது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது; வயதின் காரணமாக இருக்கும் என்று ஆறேழு மாதங்கள் தள்ளிப்போட்டேன். கடைசியில் நெஞ்சக மருத்துவர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லும் முன்பாகவே, வீட்டில் ஏர்கூலர் உண்டா, புறா வருமா என்று கேட்டார். புறா வருவதில்லை, நான்தான் வரவழைத்தேன். எங்கள் அடுக்கக வீட்டின் பின்பால்கனியில் பதினொரு ஆண்டுகள் நாள் தவறாமல் நொய்யரிசியும் கம்பும் போட்டு வந்தேன். எச்சத்தையும் இறகுத் தூளையும் நானே துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன். அந்தத் தூளுக்கு நுரையீரல் ஒவ்வாமையால் எதிர்வினை காட்டி, நாளடைவில் உள்ளே தழும்பேறி விறைத்துப்போகும் நோய்க்கு ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்று பெயர். இது அரிய நோய் என்றுதான் நானும் எண்ணினேன். ஆனால் 2017இல் வெளியான இந்தியப் பதிவேடு ஒன்றில், நுரையீரலின் இடைத்திசுவைத் தாக்கும் நோய்கள் கொண்ட 1,084 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு, அதாவது 47 சதவீதத்தினருக்கு, இதே நோய்தான் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஈரத்தில் பூஞ்சை படியக்கூடிய ஏர்கூலரின் காற்றில் இருந்தவர்கள். நாங்கள் வீட்டை மாற்றினோம், மாத்திரைகள் தொடங்கின. நோய் வளரும் வேகம் குறைந்திருக்கிறது. ஏறிய தழும்பு மறையாது.

இந்த நோய் வருவதற்கு முன்பே ஆக்சிமீட்டர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் என் அச்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2021 மே மாத இறுதியில் நாள்தோறும் பதிவான புதிய கொரோனா தொற்றில் கோவை சென்னையையும் முந்தி நின்றது. அந்த வாரங்களில் மருந்துக்கடையில் கடைசியாக இருந்த ஒரு கருவியை என் கணவர் 2,800 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தார். தொலைக்காட்சியிலும், தெருவில் போன ஆட்டோ ஒலிபெருக்கியிலும், உறவினர் குழுக்களிலும் அன்று ஓயாமல் ஒலித்த எண் 94. அதற்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை, 90க்குக் கீழே இறங்கினால் தீவிர நிலை என்பதை ஊரே மனப்பாடம் செய்திருந்தது. என்னுடன் இருபது ஆண்டுகள் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர், காலையில் 91 என்று அலைபேசியில் சொன்னவர், மறுநாள் மாலை இல்லை. பிறகு தொற்று அடங்கியது. எல்லாரும் அந்தக் கருவியை மேசை இழுப்பறையில் போட்டு மறந்தார்கள். எனக்கு மறக்க வாய்ப்பு அமையவில்லை. நோய் உறுதியான நாளில் அதே கருவியை மீண்டும் எடுத்தேன். அதனுடன் 94 என்ற எண்ணும் அந்த ஆசிரியையின் குரலும் சேர்ந்தே வெளியே வந்தன. புதிதாகத் தொற்றியவரின் நல்ல நுரையீரலுக்காக வகுத்த எல்லையை, தழும்பேறிய என் நுரையீரலின் மேல் வைத்து இரண்டு ஆண்டுகள் அளந்துகொண்டிருந்தேன்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை நான் படிக்கத் தொடங்கியதே, அதை நம்பலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ளத்தான். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறிப் பாய்கின்றன. மறுபக்கம் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று ஓர் உணரி கணக்கெடுக்கிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாதது சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆனால் விரலில் தோலும் நகமும் எலும்பும் சிரை இரத்தமும் இருக்கும்போது, தமனி இரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்தறிவது? இதற்கு விடை கண்டவர் ஜப்பானில் நிஹோன் கோடென் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த தகுவோ அவோயாகி. அவர் தேடியது வேறொன்று. இரத்தத்தில் சாயம் செலுத்தி, காதுமடல் வழியே ஒளி பாய்ச்சி, இதயம் வெளியேற்றும் இரத்தத்தை அளக்க முயன்றார். நாடித்துடிப்பு அவருடைய வரைகோட்டை ஓயாமல் குலைத்தது. இரண்டு அலைநீளங்களை ஒப்பிட்டு அந்தக் குலைவை நீக்கப் பார்த்தவர், ஆக்சிஜன் அளவு மாறும்போதெல்லாம் நீக்கம் பிசகுவதைக் கவனித்தார். துடிப்போடு சேர்ந்து மாறுவது தமனி இரத்தம் மட்டுமே. ஆகவே இடையூறு என்று அவர் எண்ணிய அந்தத் துடிப்பே அளவுகோலாயிற்று. இதை அவர் 1974இல் வெளியிட்டார். 2020 ஏப்ரலில், உலகமே அவருடைய கருவியைத் தேடிக்கொண்டிருந்த மாதத்தில், தமது 84ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அந்தக் கருவியின் மேல் இருந்த பகை உணர்வு சற்றுக் குறைந்தது.

துடிப்பை வைத்தே அது கணக்கிடுவதால், துடிப்பு விரல் நுனிக்குச் சரியாக வந்து சேராவிட்டால் கணக்கும் சரியாக வராது. என் ஆனி மாத இரவின் 86 அப்படி வந்ததுதான். மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சி அளித்த செவிலியர், தம் கையால் என் கையைப் பிடித்துக் கற்றுத் தந்த முறையை இன்றும் அப்படியே பின்பற்றுகிறேன்: ஐந்து நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும், கை சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சோ கறுத்துச் சிவந்த மருதாணியோ இல்லாத விரலாக இருக்க வேண்டும், கையை மார்பளவு உயரத்தில் அசையாமல் தாங்கிக்கொண்டு, எண் ஒரே இடத்தில் நிலைக்கும் வரை குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். மாட்டியவுடன் முதலில் தோன்றும் எண்ணைப் படிக்கவே கூடாது என்று அவர் சொன்னார். நான் இரண்டு ஆண்டுகளாகப் படித்து நடுங்கியது அந்த முதல் எண்ணைத்தான். நிலைத்த எண்ணும்கூட, நல்ல கருவியிலேயே, உண்மையிலிருந்து இரண்டு மூன்று புள்ளிகள் விலகியிருக்கக்கூடும்.

கருவி தவறாகக் குறைத்துக் காட்டுவதைப் பற்றி மட்டும் சொல்லி ஆறுதல் அளிக்க எனக்கு மனமில்லை. அது கூட்டியும் காட்டும். நம்மைப் போன்ற கரிய, மாநிறத் தோல் உடையவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனியிலிருந்து எடுத்த இரத்தத்தில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்த நிகழ்வு, வெள்ளையரிடம் நூற்றுக்கு நான்கு என்றால் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழப் பன்னிரண்டாக இருந்தது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது என்பதை அந்தக் கருவிகள் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. இதைப் படித்த பிறகு என் மருத்துவரிடம் கேட்டு, மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்து, அதே நேரத்தில் என் வீட்டுக் கருவியையும் மாட்டிப் பார்த்தோம். கருவி 94 என்றது. இரத்தம் 92 என்றது. அந்த இரண்டு புள்ளி வேறுபாட்டை இன்றும் என் நினைவில் வைத்துத்தான் கருவியைப் படிக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கருவி சொல்வது சதவீதம். இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு நிறைந்திருக்கிறது என்று சொல்லுமே ஒழிய, ஹீமோகுளோபினே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. சென்ற ஆண்டு இறுதியில் எண் மாறாமலேயே எனக்கு மூச்சு வாங்குவது கூடியது. நுரையீரல்தான் மோசமாகிவிட்டது என்று அழுதேன். சோதித்தபோது ஹீமோகுளோபின் 9க்குச் சற்று மேலே இருந்தது. வண்டிகள் நிறைந்துதான் ஓடின, ஆனால் வண்டிகளே குறைந்துவிட்டன. காரணத்தைக் கண்டு இரும்புச்சத்து ஏற்றிய பிறகு அந்தக் கூடுதல் மூச்சுவாங்கல் போய்விட்டது.

இனி அந்தக் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்கிறேன். மதிப்பெண் பட்டியல் எழுதிய கை சும்மா இருக்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, நேரம், எண், நாடித்துடிப்பு என்று மூன்று கட்டங்களில் எழுதிவந்தேன். ஆனி மாத இரவுக்கு அடுத்த நாள் மட்டும் 47 முறை பார்த்து எழுதியிருந்தேன். அந்த நோட்டை மருத்துவரின் மேசையில் வைத்தபோது, அவர் என்னைக் கடிந்துகொள்வார் என்றோ, இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறீர்களே என்று பாராட்டுவார் என்றோ எதிர்பார்த்தேன். அவர் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு, "அம்மா, இதில் எத்தனை நடந்துவிட்டு வந்து எடுத்தது?" என்று கேட்டார்.

ஒன்றுகூட இல்லை. படுத்திருக்கும்போது, அமர்ந்திருக்கும்போது, பயம் வந்தபோது, மகன் துபாயிலிருந்து அழைத்துக் கேட்டபோது, இரவில் விழித்தபோது எடுத்தவைதான் அத்தனையும். குளித்துவிட்டு வந்தபோதோ, ஈரத்துணியை உதறிக் கொடியில் காயப்போட்டபோதோ, பால் பாக்கெட்டை எடுக்கப் படி இறங்கி ஏறியபோதோ நான் ஒருமுறையும் பார்க்கவில்லை. அந்த நேரங்களில் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கும்போது கருவியைத் தேட எனக்குத் தோன்றியதே இல்லை, உட்கார்ந்து இளைப்பாறி மூச்சு சீரான பிறகுதான் எடுத்து மாட்டுவேன். அச்சம் வந்த நேரத்தில் அளந்தேன். நோய் வேலை செய்த நேரத்தில் அளக்கவில்லை.

அன்றே ஆறு நிமிட நடைச் சோதனை வைத்தார்கள். முப்பது மீட்டர் நீள நடையோரத்தில், இரு முனையிலும் வைத்த குறிகளைச் சுற்றி, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடக்க வேண்டும்; உடன் வருபவர் எண்ணைக் கவனித்துக்கொண்டே வருவார். தொடங்கும்போது எனக்கு 95. மூன்றாம் நிமிடத்தில் 88. முடிக்கும்போது 310 மீட்டர் நடந்திருந்தேன். எண் 84க்கு இறங்கியிருந்தது. எனக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான்: அந்த 84இல் நான் அஞ்சவில்லை. மூச்சு வாங்கியது, கால் கனத்தது, ஆனால் இரவில் 86ஐப் பார்த்துப் பதறியதைப் போல நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. மெய்யாகவே இறங்கிய எண்ணை உடல் அமைதியாகத் தாங்கிக்கொண்டிருந்தது. பொய்யான எண்ணுக்குத்தான் நான் விடிய விடிய விழித்திருந்தேன்.

தழும்பேறிய நுரையீரலில் இது இயல்பு என்று மருத்துவர் விளக்கினார். ஓய்வில் இரத்தம் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் மெதுவாகக் கடக்கிறது. தடித்துப்போன சுவரைத் தாண்டி ஆக்சிஜன் ஏறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. நடக்கும்போது இரத்தம் விரைகிறது. அந்த நேரம் சுருங்கிவிடுகிறது. அதனால் இருக்கையில் எடுத்த எண் அழகாகவும், நடையில் எடுத்த எண் கவலைக்குரியதாகவும் இருப்பது எங்களுக்கு வழக்கம். 90 என்ற இடத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதையும் அவர் ஒரு வளைகோடு வரைந்து காட்டினார். இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருக்கும் வரை அந்தக் கோடு ஏறத்தாழச் சமதளமாக ஓடுகிறது. அழுத்தம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நிறைவு பெரிதாக மாறாது. 60க்குக் கீழே, அதாவது 90 சதவீதத்துக்குக் கீழே, கோடு சரிந்து விழுகிறது. எனக்கு உதகையின் மேட்டு நிலம்தான் நினைவுக்கு வந்தது: மேலே எவ்வளவு தூரம் நடந்தாலும் உயரம் மாறாது, விளிம்பைத் தாண்டினால் கல்லாறு வரை இறக்கம்தான்.

என் எண்ணை மற்றவருக்கு அளவாக்கி நான் செய்த ஒரு பிழையையும் இங்கே எழுதிவிட வேண்டும். மூச்சுப் பயிற்சி வகுப்பில் எங்களுடன் ஒருவர் வருவார். முப்பத்தோரு ஆண்டுகள் நூற்பாலையில் பஞ்சுத் தூசிக்கு நடுவில் வேலை பார்த்தவர், பீடியும் பிடித்தவர். அவருக்கு சி.ஓ.பி.டி. என்னும் மூச்சுக்குழாய் அடைப்பு நோய். அவர் என்னை டீச்சரம்மா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். ஒருநாள் இருவரும் விரலை மாட்டிப் பார்த்தபோது எனக்கு 94, அவருக்கு 89. "என்னுதுதானுங்க எப்பவும் கம்மியா இருக்குது" என்று வருந்தினார். 94க்குக் கீழே போகவிடக் கூடாது அண்ணா, என்று நான் சொன்னேன். ஆசிரியைக்கே உரிய உறுதியோடு சொன்னேன். அன்றிரவு அவர் வீட்டில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டியை நிமிடத்துக்கு ஒரு லிட்டரிலிருந்து நான்கு லிட்டருக்கு ஏற்றிவைத்துப் படுத்திருக்கிறார். எண் 97க்கு ஏறியதைப் பார்த்து மகிழ்ந்து உறங்கியவரைக் காலையில் மகள் எழுப்பியபோது, தலைவலி என்று முனகினாரே தவிர, கண்ணைத் திறந்து பேச முடியவில்லை.

அவருடைய நோயில் நுரையீரலால் கரியமில வாயுவை முழுமையாக வெளியேற்ற முடிவதில்லை. தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் அந்த வாயு மேலும் தேங்கி, மயக்கத்தில் தள்ளிவிடும். அதனால்தான் அவரைப் போன்றவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்று மருத்துவர்கள் எல்லை வகுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நடத்திப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. இந்த நோயாளிகளுக்கு ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்ததைவிட 88க்கும் 92க்கும் இடையில் நிறுத்திக் கொடுத்தபோது இறப்பு வெகுவாகக் குறைந்தது. அண்ணனுக்கு 89 சரியான எண். அது அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டும் இருந்தது. என் உறுதியான குரல் அதை அழித்துவிட்டது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து அவர் நலமாகத் திரும்பினார். நான் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டபோது, நல்லதுக்குத்தானே சொன்னீர்கள் என்று அவர் மனைவி காபி கொடுத்தார். அந்தக் காபியைக் குடிக்க எனக்குச் சிரமமாக இருந்தது. அன்று முதல் யார் தம் எண்ணைச் சொன்னாலும், உங்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார் என்று மட்டுமே கேட்கிறேன்.

இவ்வளவு சொன்னதால், எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். இந்த ஆண்டு சித்திரையில் என் அண்ணன் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் உதகையைச் சேர்ந்தவர்கள், முகூர்த்தம் அங்கேயே. அத்தை முறைக்கு முன்னால் நிற்க வேண்டியவள் நான். அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவளும் நான். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். நல்ல நுரையீரல் உள்ளவருக்கே அங்கே எண் சில புள்ளிகள் இறங்கும். கோவையில் 400 மீட்டரில் ஓய்வில் 94ம் நடையில் 84ம் காட்டும் எனக்கு, அங்கே மண்டபத்தின் படிகளில் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட மருத்துவர் தேவையில்லை. ஆனாலும் கேட்டேன். கையடக்கச் செறிவூட்டியோடு போகலாம், ஆனால் தங்க வேண்டாம், நடக்க வேண்டாம், உடன் சிலிண்டரும் இருக்க வேண்டும், மலையிலிருந்து அவசரமாக இறங்குவது எளிதல்ல என்பதையும் எண்ணிப் பாருங்கள் என்றார்.

நான்கு நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, போவதில்லை என்று முடிவெடுத்தேன். அண்ணனுக்கு வருத்தம், அண்ணிக்குக் கோபம். சென்றிருந்தால் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் அவளுடைய முகூர்த்த நேரத்தில் அத்தனை பேரும் மணமக்களைப் பார்க்காமல் என் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் விரும்பவில்லை. மணமக்கள் இறங்கி வரும் வழியில் மேட்டுப்பாளையத்தில், மலையடிவாரத்துத் தோட்ட வீடு ஒன்றில் காத்திருந்தேன். அவள் கூறைப்புடவையோடு காரிலிருந்து இறங்கி வந்து என் தோளில் சாய்ந்தாள். அங்கே ஆரத்தி எடுத்தேன். இந்த முடிவை எடுக்க எனக்கு உதவியது இரவில் பார்த்த எந்த எண்ணும் இல்லை. நடையோரத்தில் எடுத்த அந்த 84தான்.

இப்போது வீட்டில் ஐந்து லிட்டர் செறிவூட்டி ஒன்று இருக்கிறது. அறைக் காற்றை உறிஞ்சி, சியோலைட் மணிகள் வழியே நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏறத்தாழ முழு ஆக்சிஜனாக மூக்குக் குழாயில் அனுப்பும். அமர்ந்திருக்கும்போது எனக்கு அது தேவையில்லை. குளிக்கும்போதும், நடைப்பயிற்சியின்போதும், வீட்டு வேலையின்போதும் இரண்டு லிட்டரில் வைத்துக்கொள்கிறேன். குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு, அமர்ந்தபடியே குளிக்கிறேன். குழாய் நீளமாக இருப்பதால் இயந்திரம் வெளியே நிற்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலைகள்தான் என்னை மிகுதியாக இறக்குகின்றன என்பதை நோட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்: தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, தலை பின்னுவது, கொடியில் துணி போடுவது. துணி போடும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளை நாளிதழில் பார்த்து நாட்காட்டியில் வட்டமிட்டு, அன்று காலை ஒன்பதுக்கு முன்பே குளித்து முடித்துவிடுகிறேன். சிறிய சிலிண்டர் ஒன்று நிரப்பியபடி கதவோரம் நிற்கிறது.

இரவைப் பற்றியும் ஒரு தீர்வு கிடைத்தது. தூக்கத்தில் எண் இறங்குகிறதோ என்பதுதான் என் பெரிய கவலை. நான் விழித்துப் பார்த்தால் விழித்தவளின் எண்தான் தெரியும், தூங்கியவளின் எண் தெரியாது என்று மருத்துவர் சொல்லி, இரவு முழுவதும் தானே பதிவு செய்யும் கருவியை ஒருநாள் மாட்டி அனுப்பினார். இடையிடையே சில நிமிடங்கள் இறங்கியிருந்தது. இப்போதைக்கு இரவில் ஆக்சிஜன் தேவையில்லை, ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்றார். எனக்கென்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் அமர்ந்து எடுத்த எண் 88க்குக் கீழேயே நின்றால், அல்லது வழக்கமான எண்ணிலிருந்து நான்கு புள்ளி இறங்கி நாள் முழுவதும் ஏறாவிட்டால், அவரை அழைக்க வேண்டும். உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு முட்டினாலோ, கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் பொருட்படுத்தாமல் 108ஐ அழைக்க வேண்டும். இது எனக்காக எழுதிய தாள். உங்களுக்கான தாளை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். நான்கைந்து வரிதான். அதைப் பெறுவதற்கு முன் நான் கழித்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால், முதல் நாளே கேட்டிருக்கலாமே என்று மனம் வலிக்கிறது.

நோட்டில் இப்போது நாளுக்கு மூன்று வரி மட்டும். காலையில் அமர்ந்து ஒன்று, நடந்து முடித்தவுடன் நின்றபடி ஒன்று, மாலையில் ஒன்று. நடந்த பிறகு உடனே வரும் எண்ணோடு நிறுத்திவிடாமல் இன்னும் அரை நிமிடம் பார்க்கிறேன், ஏனெனில் மிகக் குறைந்த எண் விரலுக்கு வந்துசேரச் சற்று நேரமாகிறது. மகன் காலையில் ஒருமுறை கேட்கிறான். அதையும் எண்ணாகச் சொல்லாமல், நேற்றைப் போலத்தான் என்றோ, நேற்றைவிடக் குறைவு என்றோ சொல்கிறேன்.

ஆக்சிமீட்டரைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, கூடத்து அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். படுக்கையிலிருந்து அங்கே பன்னிரண்டு அடி வைக்க வேண்டும். இரவில் இன்னும் விழிப்பு வருகிறது, அச்சமும் வருகிறது. எழுந்து அமர்ந்து, பயிற்சியில் சொல்லித் தந்தபடி, விறகடுப்பில் ஊதாங்குழலால் ஊதுவதைப் போல உதட்டைக் குவித்து மெதுவாகப் பத்து முறை மூச்சை வெளியே விடுகிறேன். பெரும்பாலும் ஏழாவது எட்டாவது மூச்சிலேயே மறுபடியும் படுத்துவிடத் தோன்றும். போன செவ்வாய்க்கிழமை இரவு அப்படித் தோன்றவில்லை. எழுந்து கூடத்துக்கு நடந்தேன், விளக்கைப் போட்டேன், கையைத் தேய்த்துக்கொண்டேன், மாட்டினேன். 90. நாற்காலியில் அமர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் இருந்தேன். 94. நோட்டை எடுத்து இரண்டையும் எழுதி, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் 'நடந்து வந்தபின்' என்று குறித்துவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்தேன்.